என் மகளின் காதும் ஒன்பது பின் போர்ட்டும்

பொன்னேரியில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. ஆந்திரா பக்கம் போகும் சரக்கு வண்டிகள் ஸ்டேஷனை நெருங்கும்போதே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். கடைசிப் பெட்டி போகும்வரை ஜன்னல் கம்பிகள் நடுங்கும். குடிவந்த புதிதில் நானே பலமுறை தூக்கிவாரிப்போட்டு எழுந்திருக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும். பக்கத்து வீட்டுக்காரம்மா தன் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு குழந்தைகளும் தரையில் உட்கார்ந்து டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தன. வண்டி வந்தது. அந்தப் பையன் வீரிட்டு அழுதுகொண்டு அம்மா மடியில் போய் விழுந்தான். என் மகள் டப்பாவின் மூடியைத் திருகுவதிலேயே இருந்தாள்.

"இன்னாம்மா இது, உன் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல?" என்றார் அந்தம்மா.

என் மனைவி சிரித்து மழுப்பினாள். அவர்கள் போனதும் அடுப்படியிலிருந்து ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தாள். மறுபடி அடித்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பினால் வயர்களைச் செருக விதவிதமான வாய்கள் இருக்கும், போர்ட் என்போம். கீபோர்டுக்கு ஊதா நிறத்தில் ஒரு வட்டம், மவுஸுக்குப் பச்சை வட்டம், பிரிண்டருக்கு இருபத்தைந்து துளையோடு நீளமாக ஒன்று, திரைக்கு நீலம். ஒன்றுக்கானது இன்னொன்றில் நுழையாது. அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே ஊசி மாதிரி நிற்கும் பின் வளைந்துவிடும். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குண்டூசியால் நிமிர்த்திக்கொண்டிருக்கவேண்டும்.

அவற்றில் ஒன்பது பின் உள்ள சீரியல் போர்ட்தான் எனக்குச் சோறு போட்டது என்று சொல்லலாம். ரப்பரை இழுத்துப் பார்க்கும் மெஷின், எடை மெஷின், அச்சின் சூட்டை அளக்கும் மெஷின் எல்லாம் அந்த ஒன்பது பின் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்கு அளவுகளை அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வேகம் மாறிவிட்டால் திரையில் புரியாத எழுத்தாகக் கொட்டும். நான் போய் வேகத்தைச் சரிசெய்தால் அந்தக் குப்பை நின்று எண்கள் வரத் தொடங்கும். எனக்குப் பிடித்த வேலை அது.

மகளைப் பரிசோதித்த டாக்டர் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்றார். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவி வைக்கலாம், சின்ன வயதிலேயே செய்தால் பேச்சும் வரும் என்றார். அரசாங்கத் திட்டத்தில் சென்னையில் இலவசமாகச் செய்துகொடுத்தார்கள். அதை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். எங்கள் அப்பா காலத்தில் பிறந்திருந்தால் ஊமை என்று சொல்லி மூலையில் உட்கார வைத்திருப்பார்கள்.

கருவி இரண்டு பாகம். ஒன்று தோலுக்கு அடியில், தலைக்குள். அதை வைத்துத் தைத்துவிடுவார்கள். இன்னொன்று வெளியே, காதுக்குப் பின்னால் மாட்டுவது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் மேலே போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் என்ற வட்டமான வில்லையில் சேரும். வெளியே இருப்பதை நாங்கள் காது மெஷின் என்றுதான் சொல்வோம். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, குழந்தைக்கு எந்தச் சத்தம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து அளவு வைப்பார்கள். மேப்பிங் என்று பெயர். ஒருவருக்கு வைத்த அளவு இன்னொருவருக்கு ஆகாது.

முதல்முறை மெஷினைப் போட்ட நாளில் மேப்பிங் செய்த மேடம், மகளின் காதிலிருந்து ஒரு வயரை ஒரு சின்னப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து இன்னொரு வயரைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனார். எனக்குப் பயமாக இருந்தது. எதையாவது பார்க்கவேண்டுமே என்று கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தேன். அங்கே அதே ஒன்பது பின். தினமும் திருகிக் கழற்றும் அதே இரண்டு திருகாணி. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

மேடம் ஏதோ அழுத்தினார். மகள் கையிலிருந்த பொம்மையை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தாள். அப்புறம் உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதாள்.

"அழட்டும் சார். கேக்குது, அதான் அழுவுது" என்றார் மேடம்.

என் மனைவி அன்றிலிருந்து நான்கு வருடம் அந்தக் குழந்தையோடு ரயிலில்தான் வாழ்ந்தாள். வாரம் இரண்டு முறை சென்னைக்குப் பேச்சுப் பயிற்சி. வீட்டில் ஓயாமல் பேச்சு. வெங்காயம் நறுக்கினாலும் சொல்லவேண்டும், துணி காயப்போட்டாலும் சொல்லவேண்டும். மகள் முதலில் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "பஸ்ஸு." சாலையைக் காட்டிச் சொன்னாள். என் மனைவி பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க நின்று அழுதாள்.

பிறகு நல்ல வருடங்கள் வந்தன. மகள் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். எங்களைப் போலவே பேசினாள், கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை மேப்பிங்குக்குப் போவோம். சண்டை போடுவாள். கோபம் வந்தால் காயிலைத் தலையிலிருந்து பிடுங்கிவிட்டு, "இப்ப பேசு, எனக்குக் கேக்காதே" என்று நாக்கைத் துருத்துவாள்.

அதே வருடங்களில் கம்பெனியில் நான் ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டிருந்தேன். கீபோர்டின் ஊதா வட்டம் போனது, பிரிண்டரின் நீள வாய் போனது. எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி என்றார்கள். எப்படிச் செருகினாலும் முதல் தடவை நுழையாது, திருப்பினால் நுழையாது, மறுபடி திருப்பினால்தான் நுழையும். ஆனாலும் நல்லதுதான் என்று நினைத்தேன். பின் வளைவது இல்லை, வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வேலை இல்லை, செருகியதும் தானாகவே இது இன்ன பொருள் என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் சீரியல் போர்ட் இல்லை. பழைய கேபிள்களை மூட்டையாகக் கட்டி ஸ்கிராப்பில் போட்டது நான்தான். போடும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மகள் எட்டாவது படிக்கும்போது மேப்பிங் சென்டரில் மேஜை மாறியிருந்தது. மெல்லிய புது லேப்டாப் ஒன்று இருந்தது. மேடம் அதைத் தொடாமல் பீரோவைத் திறந்து, தடியான பழைய லேப்டாப் ஒன்றை எடுத்தார்.

"இவ மெஷின் பழைய மாடல் சார். அந்தப் பெட்டி இந்த லேப்டாப்ல மட்டும்தான் வேலை செய்யும். புது சாஃப்ட்வேர் அந்தப் பெட்டியை அடையாளமே கண்டுக்காது. அதனாலதான் இதை எடுத்து வச்சிருக்கேன்."

"இது கெட்டுப்போனா மேடம்?"

"கெட்டுப்போகக் கூடாதுன்னு வேண்டிக்கங்க" என்று சிரித்தார். அடுத்த நொடி சிரிப்பு போய்விட்டது. "மெஷின் செய்யற கம்பெனில இந்த மாடலை நிறுத்திட்டாங்க. வயர், காயில், பேட்டரி மூடி எதுவும் இனிமே வராது. கடைக்காரங்ககிட்ட இருக்கிற ஸ்டாக் தீர்ற வரைக்கும்தான். புது மெஷினுக்கு இப்பவே ஏற்பாடு பண்ணப் பாருங்க."

புது மெஷின் விலை என் மூன்று வருடச் சம்பளத்தை அப்படியே எடுத்துவைத்தாலும் தேறாத விலை. மனு கொடுத்தோம். பெயரைப் பதிந்துகொண்டார்கள். புதிதாக அறுவை சிகிச்சை செய்யும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் முதலிடம் என்றார்கள். அது நியாயம்தான். சின்ன வயதில் கேட்காவிட்டால் பேச்சே வராது என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் யாரோடும் சண்டை போடவும் முடியவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் போனபோது அந்தத் தடித்த லேப்டாப் இறந்திருந்தது. ஆன் செய்தால் விளக்கு எரியும், திரை வராது. நான் ஒரு வாரம் லீவு போட்டு அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மதர்போர்டே போய்விட்டது.

யூஎஸ்பியிலிருந்து ஒன்பது பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வயர் எங்கள் கம்பெனியில் நிறைய இருந்தது. பழைய டெஸ்டிங் மெஷின்களை நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சென்டருக்குப் போனேன். வேறொரு கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேரை ஏற்றி, கன்வெர்ட்டரைச் செருகி, பெட்டியை மாட்டினோம். இணைந்துவிட்டது என்று வந்தது. உடனே இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தது, அறுந்தது. மேடம் மகளின் காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டார்.

"இன்னொரு தடவ பாக்கலாம் மேடம். எங்க மெஷின்லயும் இப்பிடித்தான், ரெண்டு மூணு தடவ போட்டா புடிச்சிக்கும்."

"உங்க மெஷின் ரப்பரை இழுக்குது சார். இது உங்க பொண்ணு நரம்புல கரண்ட்டு உடுது. பாதியில அறுந்து அளவு தப்பாப் போச்சின்னா?"

அவர் சொன்னது சரி. நான் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நிஜமான ஒன்பது பின் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். மறுநாள் கம்பெனி ஸ்கிராப் ஷெட்டுக்குப் போனேன். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கத்து ஊர்க்காரர். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், ஒரு பழைய கம்ப்யூட்டர் வேண்டும், மகளுக்காக என்றேன்.

"நல்லா பாத்து எடுத்துக்கினு போ நைனா. மழைல நனைஞ்சிக்கினு கெடக்குது. டப்பு ஒண்ணும் வாணாம். பாப்பாவுக்குக் கேட்டா சரி."

பாதி துருப்பிடித்த மூன்று கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஒன்றைத் தேற்றினேன். அதை அரிசிச் சாக்கில் கட்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏற்றினேன். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கூட்டத்தில் ஒருவர், "இன்னா சார், மூட்டைல ஆடா?" என்று கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது அவளுக்குச் சரியாகக் கேட்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் மேப்பிங் நடந்தது. தலைமை டாக்டரிடம் மேடம் அனுமதி வாங்கியிருந்தார். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் அறுந்துபோகவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் நான் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு வாயைத் திறந்து வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் வியர்வையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊர் வெயிலில் காதுக்குப் பின்னால் இருக்கும் மெஷின் எந்நேரமும் நனைந்தபடிதான் இருக்கும். வயர் முதலில் போனது. கடைகளில் கடைசியாக இருந்ததை வாங்கினோம். அதுவும் போனபின் நான் உடைந்த இடத்தில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தேன். தலைமுடியைப் போன்ற கம்பி அது. வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். மறுபடி வைப்பேன். மகள் தலையைத் திருப்பாமல் நடக்கப் பழகிக்கொண்டாள். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள்.

பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வந்து என் முன்னால் நின்றாள்.

"பா, நின்னுப்போச்சி."

"வயரா? குடு பாக்கலாம்."

"வயர் இல்லப்பா. மெஷினு." என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். வயர் இல்லை. மெஷின்தான்.

மேடம் அந்தக் கருவி செய்யும் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். அதைப் பழுதுபார்க்கும் பிரிவே இப்போது இல்லை என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் மேடமும் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். மகள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியே பரீட்சைக்குப் படித்துப் பாஸ் செய்தாள்.

பயிற்சிக்குப் போன காலத்தில் என் மனைவிக்குப் பழக்கமான அம்மா ஒருவர் செவ்வாப்பேட்டையில் இருந்தார். அவர் பையனுக்கும் இதே மாடல். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா அவனுக்குப் புது மெஷின் வாங்கித் தந்துவிட்டாராம். பழையது நன்றாக ஓடுகிறது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே போன் செய்தார். நாங்கள் மூவரும் போய் வாங்கி வந்தோம். துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு, பூப்போல வைத்திருந்தார். என் மனைவி அவர் கையை விடவே இல்லை.

இனி அந்த மெஷினில் மகளுடைய அளவை ஏற்றினால் போதும். அதைத் தூக்கிக்கொண்டு சென்டருக்குப் போனோம். சென்டர் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. மேடத்தின் இடத்தில் ஒரு இளைஞர் இருந்தார். கையில் டேப்லெட். எதிரே ஒரு குழந்தையின் காதில் மெஷின். நடுவில் வயரே இல்லை.

அவர் எங்கள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கிள், இதை நான் படிக்கிறப்போ படத்துலதான் பாத்திருக்கேன். இப்ப எல்லாமே வயர்லெஸ்தான். இதுக்குன்னு ஒரு பெட்டி இருக்குமே, அது..."

"இங்கதான் இருந்துச்சி சார். ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்துச்சி. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

அவர் உள்ளே போய்த் தேடினார். ஆட்களைக் கேட்டார். கட்டடம் மாறும்போது வேலை செய்யாத மின்சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரும் போயிருந்தது, பெட்டியும் போயிருந்தது. அவர் வேறு ஊர் சென்டர்களுக்கும் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தார். யாரிடமும் இல்லை. அந்த இளைஞரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

கோயம்புத்தூருக்கு மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பத்திரமா வைங்கன்னு சொல்லிட்டுதான் வந்தேன் சார்" என்றார். பிறகு, "அந்தப் பையன் மெஷினை அப்படியே இவளுக்குப் போட்டுடாதீங்க. அளவு வேற" என்றார்.

நானும் மனைவியும் போடவில்லை. மகளே போட்டுக்கொண்டாள். மதியம் சாப்பாடு முடிந்து நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து அதை மாட்டிக்கொண்டு வந்தாள். நான் பதறி எழுந்தேன். கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்திருந்தாள். பிறகு காயிலைத் தலையில் ஒட்டினாள்.

முகம் சுருங்கியது. கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னா கண்ணு, கேக்குதா?" என்றாள் என் மனைவி.

"நீ பேசறது ஊசியாட்டம் குத்துது மா." இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். அப்புறம் காயிலைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். "இது அவன் காதுப்பா."

பி.காம். சேர்ந்தாள். பாடம் நடத்துபவர் போர்டு பக்கம் திரும்பினால் அவர் உதடு தெரியாது. ஒரு செமஸ்டரோடு நின்றுவிட்டாள். எங்கள் கம்பெனியில் பாகங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்குக் கேட்டேன். மேனேஜர் சரி என்றார். பாதுகாப்பு அதிகாரி முடியாது என்றார்.

"சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஹாரன் கேக்காத பொண்ண உள்ள உட்டு, நாளைக்கி எதுனா ஆச்சின்னா நீங்க தாங்குவீங்களா சார்?"

தாங்கமாட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கம்பெனியில் எல்லாம் டைப் சி. எந்தப் பக்கம் செருகினாலும் நுழைகிறது. ஒரே வயரில் கரண்ட் போகிறது, படம் போகிறது, கணக்கு போகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. இந்த வருடம் கடைசி டெஸ்டிங் மெஷினையும் மாற்றினார்கள். சீரியல் கேபிளைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? ஸ்கிராப்பில் போட்டேன்.

புது மெஷினுக்குக் கொடுத்த பெயர் இன்னும் பதிவில் இருக்கிறது. போய்க் கேட்டால் இருக்கிறது என்கிறார்கள். மகளின் தலைக்குள் இருக்கும் பாகம் நன்றாகவே இருக்கிறதாம். அதற்கு ஆயுசு கெட்டி என்று அந்த இளைஞர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

வீட்டில் போனை வைத்துப் பேசிக்கொள்கிறோம். என் மனைவிக்கு வேகமாக டைப் அடிக்க வராது. போனில் பேசினால் அது எழுத்தாக்கிக் காட்டும், அதை மகள் படிப்பாள். ஆனால் அந்தப் போனுக்கு எங்கள் பேச்சு புரிவதில்லை. "இன்னும் ஒரு தோச ஊத்தட்டா" என்று இவள் கேட்டால் "இன்னும் ஒரு தோசை ஊர் தட்டா" என்று எழுதுகிறது. ஆரம்பத்தில் மூவரும் சிரித்தோம். இப்போது என் மனைவி போனை வாய்க்கு நேராகப் பிடித்து, டிவியில் செய்தி வாசிப்பதுபோல, "இன்னொரு தோசை வேண்டுமா" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறாள். தன் மகளிடம்.

மகளுக்குத் தன் குரல் தனக்கே கேட்பதில்லை. ஒருமுறை ரயிலில் அவள் என்னிடம் ஏதோ சொல்ல, பெட்டியே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து வெளியில் பேசுவதில்லை. பிறகு வீட்டிலும் குறைந்துவிட்டது. முன்பு சொன்ன சொற்களே இப்போது முனை மழுங்கி வருகின்றன. அது தெரிந்துதானோ என்னவோ, அவளும் போனையே எடுக்கிறாள்.

"வாயால சொல்லு கண்ணு" என்று என் மனைவி அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். மகள் அந்த உதடுகளைப் பார்க்கிறாள். புரிகிறது அவளுக்கு. குனிந்து டைப் செய்து காட்டுகிறாள்: பசிக்கல மா.